எட்டுச் சில்லு டார்ச் கிட்: டிரைவர் நன்று, பிளாஸ்டிக் வளையம்தான் காலை வாருகிறது

நாமே சேர்த்துக் கட்டிக்கொள்ளும் எல்.இ.டி. டார்ச் கிட் ஒன்றை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் 900 ரூபாய்க்கு வாங்கினேன். அலுமினிய உடல், எல்.இ.டி.யும் டிரைவரும் உட்காரும் பித்தளைக் குப்பி, எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 17 மில்லிமீட்டர் டிரைவர் போர்டு, கம்பிகள் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்ட எல்.இ.டி. தட்டு, அலுமினிய ரிஃப்ளெக்டர், அதன் அடியில் வைக்கும் பிளாஸ்டிக் வளையம், பின்மூடியில் அழுத்துச் சுவிட்ச், பக்கவாட்டில் வெளிச்ச நிலையை மாற்றும் சிறு பட்டன் ஆகியவை பெட்டியில் இருந்தன. 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல்லை நாம்தான் தனியாக வாங்கிப் போட வேண்டும். டிரைவர் போர்டு இந்த விலைக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் கிட்டைச் சொன்னபடியே பூட்டினால் சொல்லப்பட்ட 2.8 ஆம்பியருக்குப் பதிலாக நான்குக்கு மேல் இழுக்கிறது, அணைத்து வைத்தாலும் செல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறது. இரண்டையும் சரிசெய்ய முடியும் என்பதால், வாங்க நினைப்பவர்களுக்கும் ஏற்கெனவே வாங்கிவிட்டு விழிப்பவர்களுக்கும் பயன்படும்படி சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 2.8 எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். போர்டில் ஏ.எம்.சி.7135 என்ற சில்லுகள் பக்கத்துக்கு நான்காக எட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் 350 மில்லியாம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி நிறுத்தும்; எட்டும் இணையாக நிற்பதால் மொத்தம் 2.8 ஆம்பியர். சில்லுகள் தரம் பிரித்து விற்கப்படுவதால் 2.7 முதல் 3.0 வரை எது வந்தாலும் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. செல்லின் நேர்முனை டிரைவரின் ஊடாக எல்.இ.டி.யின் நேர்முனைக்கு நேரடியாகவே போகிறது; கட்டுப்பாடு முழுவதும் எதிர்முனைப் பக்கத்தில்தான் நடக்கிறது. அதாவது எல்.இ.டி.யின் எதிர்முனையிலிருந்து வரும் மின்னோட்டம் 7135 சில்லுகளைக் கடந்துதான் டார்ச்சின் உடலை அடைய வேண்டும், உடலோ செல்லின் எதிர்முனையோடு சேர்ந்தது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தொல்லை முழுவதும் விளங்கிவிடும்.

இது நேரியல் வகை டிரைவர். உள்ளே காயில் கிடையாது. மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாக எரித்துவிடும். அதனால் செல்லிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டமும் எல்.இ.டி.யில் ஓடும் மின்னோட்டமும் ஏறக்குறைய ஒன்றே. செல் நிரம்பியிருந்தாலும் பாதியாக இருந்தாலும், எல்.இ.டி.க்குத் தேவையான மின்னழுத்தத்தோடு ஒரு 0.12 வோல்ட் மேலே கிடைக்கிற வரையில் அளவு அசையாமல் 2.8இல் நிற்க வேண்டும். செல்லின் மின்னழுத்தத்தோடு சேர்ந்து மின்னோட்டமும் ஏறி இறங்குகிறது என்றால், அந்த மின்னோட்டம் சில்லுகளின் வழியே போகவில்லை.

என் டார்ச்சில் அதுதான் நடந்தது. 4.2 வோல்ட் வரை சார்ஜ் ஏற்றிய செல்லைப் போட்டு, பின்மூடியைக் கழற்றிவிட்டு, செல்லின் எதிர்முனைக்கும் உடலின் விளிம்புக்கும் இடையே மீட்டரை வைத்தபோது 4.3 ஆம்பியர் காட்டியது. பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் 30 சதவீத நிலைக்கு 0.84, 5 சதவீத நிலைக்கு 0.14 என்று இறங்கியிருக்க வேண்டும். எத்தனை முறை அழுத்தினாலும் வெளிச்சம் மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. 3.8 வோல்ட் அளவுக்கு இறங்கிய வேறொரு செல்லைப் போட்டபோது 2.7 காட்டியது.

இந்த 2.7தான் பலரை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். புதிதாக வாங்கும் லித்தியம் செல்கள் பெரும்பாலும் பாதிச் சார்ஜில்தான் வருகின்றன. அதை அப்படியே போட்டு அளந்தால் விற்பனையாளர் சொன்ன எண்ணுக்கு மிக நெருங்கிய எண்ணே கிடைக்கும். மின்னோட்டம் சரி, பட்டன்தான் வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு வருவது இயல்பு. விற்பனைப் பக்கத்தில் உள்ள மதிப்புரைகளிலும் 'பட்டன் பழுது', 'மோடு மாறவில்லை' என்ற புகார்களே மிகுதி. பட்டன்மீது குற்றமே இல்லை. அளப்பதானால் முழுச் சார்ஜ் ஏற்றிய செல்லில் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு செல்களில் அளந்து ஒப்பிட வேண்டும்.

அளக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் கிடைக்கும் மலிவான மஞ்சள் மல்டிமீட்டரோடு வரும் மெல்லிய கம்பிகள் இந்த வேலைக்கு ஆகா. கம்பியிலும் முனைகளிலும் சேர்ந்து 0.15 ஓம் தடை இருந்தாலே 2.8 ஆம்பியரில் 0.4 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தொலைந்துவிடும்; சில்லுகளுக்குத் தேவையான மின்னழுத்தம் எட்டாமல் மீட்டர் குறைத்துக் காட்டும். நேரடி இழுப்பு இருந்தாலும் அது அடங்கித் தெரியும். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் தடித்த செம்புக் கம்பியில் இரண்டு குட்டைத் துண்டுகளை வெட்டி, மீட்டரின் 10 ஆம்பியர் துளையிலும் பொதுத் துளையிலும் செருகிக்கொண்டால் போதும். அந்த மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. ஆகவே சில விநாடிகளுக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். இத்தகைய வேலைகளை அடிக்கடி செய்பவர்கள் யூனி-டி நிறுவனத்தின் யூ.டி.210ஈ போன்ற, நேர்மின்னோட்டத்தையும் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வாங்கிக்கொள்ளலாம். தடித்த கம்பி ஒன்றைப் பாலமாக வைத்து அதைச் சுற்றிக் கவ்வினால் சுற்றில் கூடுதல் தடை எதுவும் சேராது.

இனி 4.3 ஆம்பியர் எந்த வழியில் போகிறது என்ற கேள்வி. எதிர்முனைக் கம்பி சில்லுகளைத் தொடாமலே உடலைச் சேர்ந்துவிட்டது என்பது அறிகுறிகளிலிருந்தே தெரிகிறது. அப்படிச் சேர மூன்று இடங்கள் உண்டு. கம்பி குப்பியின் துளையைக் கடக்கும் இடத்தில் அதன் உறை கிழிந்திருக்கலாம், எல்.இ.டி. தட்டின்மேல் உள்ள ஈயத் திரள், உடலோடு ஒட்டி நிற்கும் ரிஃப்ளெக்டரின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். 7135 சில்லுகளில் ஒன்று உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய எதையும் கழற்றிப் பற்றவைக்க வேண்டியதில்லை. மீட்டரை அதே இடத்தில் வைத்துக்கொண்டு முன்பக்கத் தலையை மட்டும் திருகி எடுத்து, ரிஃப்ளெக்டரை அகற்றிவிட்டு மீண்டும் பார்த்தேன். எண் 2.78க்கு வந்தது, பட்டனை அழுத்தியதும் 0.83, அடுத்து 0.14 என்று ஒழுங்காக இறங்கியது. தலையைத் திரும்பப் பூட்டி இறுக்கியபோது கடைசிக் கால் சுற்றில் வெளிச்சம் சட்டென்று எகிறி மீண்டும் 4.3. ரிஃப்ளெக்டரை எடுத்த பிறகும் எண் குறையாதிருந்தால், கம்பி உறையையும் அதன்பின் சில்லுகளையும் பார்த்திருக்க வேண்டும். செல்லை எடுத்துவிட்டு, எல்.இ.டி. எதிர்முனைக் கம்பியைப் போர்டிலிருந்து விடுவித்து, கம்பிக்கும் உடலுக்கும் இடையே ஒரு முறை, போர்டின் அந்தப் புள்ளிக்கும் உடலுக்கும் இடையே ஒரு முறை என்று மீட்டரால் மின்தொடர்ச்சி பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ரிஃப்ளெக்டரைக் கவிழ்த்துப் பார்த்தபோது, அடிவிளிம்பின் ஓரிடத்தில் நகம் கீறியது போன்ற பளபளப்பான கோடும், அதன் நுனியில் ஈயம் ஒட்டிய வெள்ளைப் புள்ளியும் இருந்தன. எதிர்முனைக் கம்பி சேரும் திட்டின்மேல் விற்பனையாளர் பற்றவைத்த ஈயம் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குக் குவிந்திருந்தது. இடையில் வைக்கக் கொடுத்திருக்கும் பிளாஸ்டிக் வளையமோ அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது, அதன் நடுத்துளையும் தேவைக்கு மேல் அகலம். தலையை இறுக்கும்போது வளையம் ஒரு பக்கம் நழுவுகிறது, ஈயம் அலுமினியத்தைத் தொடுகிறது. எல்.இ.டி.யும் ரிஃப்ளெக்டரும் டிரைவரும் தனித்தனியே குறைசொல்ல முடியாதவை. மூன்றையும் ஒன்றாகப் பூட்டி ஒருமுறையாவது அளந்து பார்த்திருந்தால் விற்பனையாளருக்கே இது தெரிந்திருக்கும்.

எதிர்முனைக்குப் பதிலாக நேர்முனைத் திட்டு தொட்டிருந்தால் கதையே வேறு. நேர்முனை செல்லோடு நேரடியாக இணைந்திருப்பதால், அது உடலைத் தொட்ட கணமே செல்லின் இரு முனைகளும் நேருக்கு நேர் சேர்ந்துவிடும். எல்.இ.டி. எரியாது, செல்லோ பல பத்து ஆம்பியர்களைக் கொட்டும். பாதுகாப்புச் சுற்று இல்லாத செல்லாக இருந்தால் ஸ்பிரிங் பழுக்கச் சிவந்துவிடும், அதற்கு மேலும் நடக்கலாம். ஆகவே இந்தக் கிட்டை முதன்முறை பூட்டுபவர்களுக்கு எலக்ட்ரீசியன்களின் பழைய சீரிஸ் பல்ப் முறையையே பரிந்துரைப்பேன். பைக்கின் பிரேக் விளக்குக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றைப் பின்மூடி இருக்க வேண்டிய இடத்தில் செல்லுக்கும் உடலுக்கும் இடையே தொடராக வைத்தால், முழு ஷார்ட்டாக இருந்தாலும் மின்னோட்டம் ஓர் ஆம்பியர் அளவில் அடங்கிவிடும், பல்ப் மங்கலாக எரிந்து நமக்குச் சொல்லியும் விடும். அதைத் தாண்டிய பிறகு மீட்டரை வைக்கலாம்.

திருத்தம் எளிது. சூடான சால்டரிங் அயர்னால் இரண்டு திட்டுகளிலும் ஈயத்தை இளக்கி, உறிஞ்சு நாடாவால் மிகுதியை எடுத்து, கம்பிகளைத் தட்டையாகப் படிய வைத்தேன். ரிஃப்ளெக்டரின் அடிவிளிம்பில் வெப்பம் தாங்கும் காப்டன் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டி, வளையத்துக்குப் பதிலாகக் கண்ணாடியிழை வளையம் ஒன்றை வைத்தேன். தலையை முழுவதும் இறுக்கிய நிலையிலும் இப்போது 2.78தான். சாதாரண செல்லோடேப்பை ஒட்டிச் சமாளிக்க வேண்டாம், எல்.இ.டி. தட்டின் வெப்பத்தில் அதன் பசை இளகி வழிந்து, வளையம் மறுபடி நழுவும்.

இதைச் சரிசெய்யாமல் 'வெளிச்சம் கூடுதலாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கிட்டில் உள்ள எல்.இ.டி., க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்.எம்-எல்2 வடிவத்தைச் சேர்ந்தது. அந்த வகைக்கு வகுக்கப்பட்ட உச்சம் 3 ஆம்பியர். 4.3 ஆம்பியரில் ஏறத்தாழ 15 வாட் அந்தச் சிறு தட்டில் இறங்குகிறது, கூடுதல் வெளிச்சம் அதற்கேற்ற அளவில் கிடைப்பதும் இல்லை. அதைவிட முக்கியமானது, செல்லின் மின்னழுத்தம் 3 வோல்ட்டை நெருங்கும்போது வெளிச்சத்தைக் குறைத்து எச்சரிக்கும் வேலையை டிரைவரில் உள்ள மைக்ரோகண்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி செய்கிறது. சில்லுகளைச் சுற்றிக்கொண்டு போகும் மின்னோட்டத்தின்மேல் அதற்கு அதிகாரம் கிடையாது. செல் அளவுக்கு மீறிக் காலியாகும். ஸ்பிரிங்கின்மேல் செம்புப் பின்னல் பற்றவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் வளையத்தைச் சரிசெய்த பிறகே அதைச் செய்ய வேண்டும், ஏனெனில் அந்த மெல்லிய எஃகு ஸ்பிரிங்கின் தடைதான் இத்தனை நேரம் எல்.இ.டி.யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. பின்சுவிட்சால் அணைத்தால் சுற்று அறுந்துவிடுவதால் அங்கே சிக்கல் இல்லை. ஆனால் பக்கவாட்டுப் பட்டனை நீள அழுத்தியும் அணைக்கலாம் என்று கையேடு சொல்கிறது. கைக்கு வசதியானதும் அதுவே. அப்படி அணைத்த நிலையில் டார்ச் 0.38 மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. 2600 மில்லியாம்பியர்-மணி செல் ஒன்று, ஒருமுறைகூட எரியாமலே, ஒன்பதரை மாதத்தில் தீர்ந்துபோகும் கணக்கு. மின்வெட்டுக்கென்று அலமாரியில் எடுத்துவைக்கும் டார்ச்சில் இதை ஏற்றுக்கொள்ள முடியாது.

இதை அளப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மீட்டரை மில்லியாம்பியர் எல்லையில் வைத்துக்கொண்டு செல்லை இணைத்தால், டார்ச் விழித்துக்கொண்டு முதலில் முழு வெளிச்சத்துக்குப் போகும், 200 மில்லியாம்பியர் ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும். மீட்டரின் இரு முனைகளையும் முதலையாய்க் கவ்வும் கிளிப் கம்பியால் இணைத்துவிட்டு, டார்ச்சைப் பட்டனால் அணைத்து, அதன் பிறகு கிளிப்பை எடுக்க வேண்டும். மின்னோட்டம் இடையறாமல் மீட்டருக்குள் மாறும்.

காரணத்தில் பாதி போர்டின் மேலேயே எழுதியிருக்கிறது. ஏடிடைனி13ஏ மைக்ரோகண்ட்ரோலரின் அருகே 1912, 4701 என்று பொறித்த இரண்டு ரெசிஸ்டர்கள் உள்ளன, அதாவது 19.1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம். செல்லின் மின்னழுத்தத்தைப் பகுத்து மைக்ரோகண்ட்ரோலரிடம் காட்டுவது இவற்றின் வேலை. இரண்டும் சேர்ந்து 23.8 கிலோ ஓம் எப்போதும் செல்லின் குறுக்கே தொங்குகிறது, அதில் மட்டும் 0.17 மில்லியாம்பியர் ஓடுகிறது. பின்சுவிட்ச் மட்டுமே உள்ள டார்ச்சுகளுக்காக வகுத்த பழைய மதிப்புகள் இவை. அங்கே அணைத்தால் எல்லாமே அணைந்துவிடும் என்பதால் யாரும் கவலைப்படவில்லை. பட்டனால் அணைக்கும் வசதியைச் சேர்த்தவர்கள் இந்த மதிப்புகளையும் மாற்றியிருக்க வேண்டும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைத்த 191 கிலோ, 47 கிலோ ரெசிஸ்டர்களைப் போட்டு, விகிதம் மாறாமல் மொத்தத் தடையைப் பத்து மடங்காக்கினேன். தடை இவ்வளவு உயர்ந்தால் மைக்ரோகண்ட்ரோலரின் அளவீடு தடுமாறக்கூடும். 4701 இருந்த இடத்துக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

மீதி 0.2 மில்லியாம்பியர் நிரலில் ஒளிந்திருந்தது. விற்பனையாளர் நிரலின் மூலவரிகளையும் தருகிறார். இந்த விலையில் அது பெரிய விஷயம், மனமாரப் பாராட்டுகிறேன். படித்துப் பார்த்தால், மைக்ரோகண்ட்ரோலரை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பும் முன் மின்னழுத்தம் அளக்கும் ஏ.டி.சி. பகுதியை நிறுத்த மறந்திருக்கிறார்கள். உறங்கினாலும் அந்தப் பகுதி விழித்திருந்து செல்லைத் தின்னும். அதை நிறுத்தும் ஒரே வரியை உறக்கத்துக்கு முன்னும், திரும்ப இயக்கும் வரியை விழித்த பின்னும் சேர்த்து, யூ.எஸ்.பி.ஏ.எஸ்.பி. புரோகிராமராலும் எட்டுக் கால் கிளிப்பாலும் ஏற்றினேன். இரண்டு திருத்தங்களுக்கும் பிறகு அணைந்த நிலையில் இழுப்பு 0.02 மில்லியாம்பியருக்குக் கீழே. செல் தானாகவே இறங்கும் வேகம் இதைவிட மிகுதி என்பதால் இதற்கு மேல் தோண்ட வேண்டியதில்லை. புரோகிராமர் இல்லாதவர்கள் பின்சுவிட்சால் அணைத்துப் பழகிக்கொண்டாலே போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடலின் மரைகள் வழவழப்பாக ஓடுகின்றன, ஓ-ரிங் சரியாக உட்காருகிறது. நடு ஒளி கூர்மை, ஓரத்தில் மட்டும் இலேசான மஞ்சள் வளையம். பித்தளைக் குப்பி உடலோடு நன்றாகப் பொருந்துவதால் வெப்பம் கைக்கு வந்து சேர்கிறது. முழு வெளிச்சத்தில் கை சுடுவது நல்ல அறிகுறி. நிரம்பிய செல்லில் டிரைவர் போர்டே 2 வாட் அளவுக்கு வெப்பம் விடுவதால், அதன் விளிம்பைக் குப்பியோடு நாலு இடத்திலாவது பற்றவைப்பது நல்லது. கையேடு ஓரிடத்தில் பற்றவைத்தால் போதும் என்கிறது. பின்சுவிட்ச் பலவீனமானது. 2.8 ஆம்பியரை அது நெடுநாள் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விற்பனையாளருக்கு அளவுகளோடும் ரிஃப்ளெக்டரின் படத்தோடும் எழுதினேன். வேறு பட்டன் அனுப்புவதாக மறுநாளே பதில் வந்தது; கடிதத்தைப் படித்தார்களா என்றே தெரியவில்லை. இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு வளையத்தின் தடிமனைக் கூட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரெசிஸ்டர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

சால்டரிங் அயர்னும் மீட்டரும் வைத்திருப்பவர், தலையைப் பூட்டுமுன் ஒரு மணி நேரம் செலவிடத் தயாராக இருப்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம். இதே டிரைவரைத் தனியாகவும் விற்கிறார்கள், என்னிடம் வேறொரு பழைய உடல் இருப்பதால் அடுத்த முறை அதை மட்டுமே வாங்குவேன். பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்து அவர்களையே பூட்டச் சொல்லலாம் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பதை, பாதுகாப்புச் சுற்று இல்லாத 18650 செல் கையில் இருக்கும் வரையில், நான் ஏற்கமாட்டேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். தடித்த வளையத்தோடு வரத் தொடங்கினால் நான்காகக் கொள்ளலாம்.